கடைசி வரி ஆடும் ஐந்தே முக்கால் பஸ்ஸும்

1

என் மகள் மெர்சிக்கு வாசிக்க வரவில்லையாம். பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கொடுத்து அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. கடிதம் அவளுடைய பையின் அடியில், நசுங்கிப்போன ஒரு வாழைப்பழத்துக்குக் கீழே கிடந்தது. பையைத் துவைக்க எடுத்த என் மனைவி கிரேஸ்தான் கண்டுபிடித்தாள். ஆரணியில் ஏழாவது படிக்கும்போது நான் ரேங்க் கார்டைச் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தவன். ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்க எழுந்து நிற்க, அப்பா புத்தகத்தைப் பிரிக்க, கார்டு அவர் காலடியில் விழுந்தது. ஆகையால் ஒளித்ததற்காக மெர்சியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். வீட்டிலும் சம்பளம் இல்லாமல் அதையே செய்கிறேன் என்பது கிரேஸின் கருத்து. மெர்சி எங்களுக்கு ஒரே பெண், பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. சோறு சாப்பிடும்போதும் மடியில் கதைப் புத்தகம் இருக்கும். குழம்பு சிந்திய பக்கங்களோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, நூலகத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இவளுக்கா வாசிக்கத் தெரியாது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். ஒரு பத்தியைப் படித்து அதன் மையக் கருத்து என்ன என்று சொல்வது, எழுதாமல் விட்டதை ஊகிப்பது, ஊகத்துக்கு ஆதாரம் காட்டுவது, இந்த மூன்றிலும் மெர்சி பின்தங்கியிருக்கிறாள். கூடவே ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. வீட்டில் ஆறு வாரம் பழைய பாடங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதன்பின் பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் டிக் அடித்தால் இப்போது போலவே தொடரலாம். இரண்டாவதில் அடித்தால், பேண்டு வாத்திய வகுப்பை விட்டுவிட்டு அந்த நேரத்தில் வாசிப்பு உதவி வகுப்புக்குப் போக வேண்டும். கீழே காரணம் எழுத மூன்று கோடுகள்.

இங்கேதான் சிக்கல். மெர்சி பேண்டு குழுவில் டிரம் அடிக்கிறாள். எங்கள் வீட்டுக் குக்கர் மூடி, தோசைக்கல், என் முதுகு என்று இரண்டு வருஷம் பழகிப் பிடித்த இடம் அது. அந்தக் கடிதத்தைக் கிரேஸ் சத்தமாகப் படித்தபோது மெர்சி அழவில்லை. டிரம் குச்சி இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள், ஒரு சத்தமும் வரவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது.

2

ஆசிரியையைப் பார்க்கப் போனேன். பிள்ளைகளின் நாற்காலி, முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. என் மகள் எவ்வளவு படிப்பாள் என்று விளக்கும் ஆவேசத்தில், 'ஷி ரீட்ஸ் லைக் எனிதிங்' என்றேன். ஆரணிக் கல்லூரியில் கைதட்டு வாங்கித் தந்த ஆங்கிலம் அது. ஆசிரியை பேனாவை எடுத்து, "எதைப் போல?" என்று கேட்டார்.

அவர் மெர்சியின் தாள்களைப் பரப்பினார். முதல் பத்தி தேனீக்களைப் பற்றியது. தேனீ இல்லாவிட்டால் ஆப்பிள் இல்லை, பாதாம் இல்லை, நாமே இல்லை என்ற ரீதியில் போய், கடைசியில் 'தேனீ வளர்க்கும் சிலர் ஆடுகளும் வளர்க்கிறார்கள்' என்று முடிகிறது. இதன் மையக் கருத்து என்ன? மெர்சியின் விடை: ஆடு வளர்ப்பு.

இரண்டாவது பத்தி எரிமலை. நெருப்பு, சாம்பல், ஊர் அழிந்தது எல்லாம் சொல்லி, கடைசி வரியில் அங்கே இப்போது ஒரு பொம்மைக் கடை இருக்கிறது என்கிறார்கள். மெர்சிக்கு மையக் கருத்து பொம்மைக் கடை. மூன்றாவது, கஷ்டப்பட்டுப் படித்து முன்னேறிய ஒரு பெண் மருத்துவர். அவருக்குப் பூனை பிடிக்கும் என்று முடிகிறது. மெர்சி எழுதியது: பூனை.

"உங்கள் மகள் கடைசி வரியை மட்டும்தான் படிக்கிறாளோ என்று நினைக்கிறேன்" என்றார் ஆசிரியை, மிகவும் தன்மையாக. தன்மையாகச் சொல்வதுதான் இந்த ஊரில் ஆபத்து. நம் ஊர் வாத்தியார் என்றால் இரண்டு போட்டு விட்டு, மாலையில் டீக்கடையில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார், படிவம் கிடிவம் ஒன்றும் கிடையாது.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏம்மா, அவ்வளவு பெரிய தேனீக் கதையில ஆடு எங்கேர்ந்து வந்தது?"

"முன்னாடி இருக்கறது எல்லாம் சும்மா பேசறதுதானேப்பா. மெயின் விஷயம் கடைசியிலதானே வரும்?"

"அப்படின்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க? அத்தை, மாமா, தாத்தா, நீங்க."

பச்சை விளக்கு விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது என்றால் கெட்ட வார்த்தையில் திட்டுவதற்குச் சமம். என் மண்டையில் அடித்தது அதைவிடப் பெரிய ஹாரன்.

3

எனக்கு ஒரே அக்கா, எஸ்தர். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்குப் பட்டு நெசவுக்கு நூல் சப்ளை செய்யும் வியாபாரம். வாரம் இரண்டு முறை அக்கா போன் செய்வாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் வேலையைப் பார்ப்போம். மெர்சி பிறந்தது முதல் கேட்கிற தமிழ்ப் பத்தி அதுதான்.

"இன்னா தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா. நீ?"

"ஆச்சு. அங்க இன்னா, பனி கொட்டிகினு கீதா? கிரேஸு எப்டி கீறா? பாப்பா எப்டி கீது? இங்க ஒரே வெய்யிலு. சர்ச்சுல புது மைக் செட்டு வாங்கிகீறாங்க. பாஸ்டர் இருமுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. சரி, வெச்சிடறேன்."

இதுவரை முப்பது நிமிஷம் ஆகியிருக்கும். நான் சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டு போவேன். அப்போது வரும்.

"ஆங், சொல்ல மறந்துட்டேன். அப்பா நேத்து குளிக்கற ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு. மாவுக்கட்டு போட்டுகீறாங்க."

மறந்ததாவது! போனை எடுத்ததே அதைச் சொல்லத்தான். ஆனால் அதை முதலில் சொல்லக்கூடாது, அது எங்கள் ஊர் மரியாதை. எதிராளி சாப்பிட்டாரா, உட்கார்ந்திருக்கிறாரா, மனசு நல்ல நிலையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தை இறக்குவோம். ஆரணிக்குப் பட்டு எடுக்க வரும் குடும்பத்தைப் பாருங்கள். எண்பது புடவையைப் பிரித்துப் போட்டு, காப்பி குடித்து, வெயிலைத் திட்டி, கடைசிப் புடவையை மடிக்கும்போதுதான் கல்யாணம் யாருக்கு என்று சொல்வார்கள். கடைக்காரரும் அதுவரை கேட்க மாட்டார். கேட்டால் அவர் புதுசு என்று அர்த்தம்.

ஆக, என் மகள் படிப்பில் மக்கு இல்லை. ஒஹையோ பள்ளிக்கூடத்துப் பத்தியை ஆரணி முறைப்படி வாசித்திருக்கிறாள். தேனீ, ஆப்பிள், பாதாம் எல்லாம் 'சாப்ட்டியா' ரகம். ஆடுதான் 'சொல்ல மறந்துட்டேன்'.

இதை ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் எழுதி விளக்கலாமா என்று யோசித்தேன். "லைக் எனிதிங்" ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

4

நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று இறங்கினேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் படிப்பது. இங்கே மொட்டை மாடி இல்லை, கேரேஜ் இருந்தது. காரை வெளியே நிறுத்திவிட்டு மெர்சியை நடக்க விட்டேன். ஒரு வாரத்தில் தேனீப் பாடம் முழுவதும் மனப்பாடம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"சபாஷ். இப்ப சொல்லு, மையக் கருத்து என்ன?"

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "இன்னும் ஆடுதான்பா தோணுது."

கிரேஸ் போளூர்ப் பெண். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் வேலை செய்கிறாள். வாய் திறக்க மாட்டேன் என்கிறவர்களைத் திறக்க வைப்பது அவள் தொழில். கேரேஜ் கதவில் சாய்ந்து நின்று சொன்னாள், "இன்னாங்க, எனக்கே தேனீ மனப்பாடம் ஆயிடுச்சு. பக்கத்து வூட்டு நாய்க்கும் ஆயிருக்கும். புரிஞ்சுதான்னு யாராவது அவளக் கேட்டீங்களா? பேஜார் பண்ணிகினு."

வழி காட்டியது மெர்சிதான். ஒரு நாள் அக்கா பேசி முடித்ததும், சாப்பாட்டு மேசையில் இருந்து தலையைத் தூக்காமலே, "மையக் கருத்து: அத்தை வீட்ல மிக்ஸி ரிப்பேர்" என்றாள்.

"இல்லையே. கடைசியில மாமாவுக்குச் சளின்னுதானே சொன்னா?"

"அது ஆடு. மிக்ஸி மூணு தடவ வந்தது. ஆதாரம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று முதல் பயிற்சிப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு அக்காவையே பாடமாக்கினோம். மெர்சி ஒரு நோட்டில் கோடு போட்டாள். முதல் கட்டம், அத்தை சொன்னது. இரண்டாவது, சொல்லாமல் விட்டது. மூன்றாவது, ஆதாரம். 'நீ வர்றேன்னா வா, இல்லன்னா பரவால்ல' என்று அக்கா சொன்னால், கிறிஸ்துமஸுக்கு வராததில் அத்தைக்கு இன்னும் வருத்தம் என்று இரண்டாவது கட்டத்தில் எழுதுவாள். ஆதாரம்: 'பரவால்ல' என்ற பிறகு அத்தை அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், தம்பி என்று கூப்பிடவில்லை. நான் அசந்துபோனேன். என் அக்காவை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், இது எனக்குப் பட்டதே இல்லை.

தேனீப் பாடத்தைத் திரும்பக் கொடுத்தபோது, இந்த முறை ஆட்டைத் தாண்டிப் போய்த் தேனீயைப் பிடித்தாள். எரிமலையும் மருத்துவரும் அப்படியே. எனக்கு ஒரே பெருமை. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. படிவம் என் பையில் இருந்தது. மூன்று தாள் சரியானதை வைத்து எதையும் நம்பிவிடக் கூடாது என்பது என் தொழில் புத்தி. உதவி வகுப்புக்குப் போனால் நல்லதுதானே என்றும் ஒரு பக்கம் இருந்தது. உண்மையைச் சொன்னால், டிரம் இல்லாத வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிப் பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

5

ஆறாவது வாரம், திங்கட்கிழமை மெர்சி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

"அப்பா, அத்தை வேலைக்குப் போறாங்க."

"எந்த அத்தை?"

"எஸ்தர் அத்தை. ஃபேக்டரிக்கு. ஷிஃப்ட்டுல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் அத்தை நம்ம சாயங்காலத்துல கூப்பிடறாங்க. அடுத்த வாரம் நம்ம காலையில. மறுபடி சாயங்காலம். ஆறு வாரமா மாத்தி மாத்தி அப்படியே."

"இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாங்கல்ல? அதுல கொழம்பி இருப்பா."

"கடிகாரம் ஒரு தடவதான் மாறுச்சு. அத்தை ஒவ்வொரு வாரமும் மாறறாங்க. அப்புறம், சாயங்காலம் கூப்பிட்டா எப்பவும் 'பஸ்ஸு வந்துடுச்சு'ன்னு வெக்கறாங்க. அப்போ அங்க விடியக்காலம்."

"பெரணமல்லூர்ல ஜெபக்கூட்டம்னு சொன்னாளே. போளூர் சந்தைக்குப் போறேன்னும் சொன்னா."

"ஒரே பஸ், ஒரே நேரம், தினம் வேற வேற ஊருக்கா போகும்?" நோட்டைத் திருப்பினாள். "காலையில கூப்பிட்டா பின்னாடி மிஷின் சத்தம். பத்து நிமிஷத்துல வெச்சிடறாங்க. போன வாரம் 'பிரேக்ல டீ குடிச்சேன்'னாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு ஏதுப்பா பிரேக்? சனிக்கிழமை வீடியோல ஷூ போட்டிருந்தாங்க. கறுப்பு ஷூ. கதவுக்குப் பின்னாடி கழட்டி வெச்சாங்க."

கிரேஸ் அடுப்புப் பக்கம் திரும்பி, காலியான பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் அக்காவா? என்னிடம் மறைத்தா? போன கிறிஸ்துமஸ் சமயத்தில், செய்யார் கம்பெனிக்குத் தெருவில் இருந்து நாலைந்து பெண்கள் போகிறார்கள் என்று அக்கா பேச்சுவாக்கில் சொன்னது உண்மைதான். அப்போது அரை மணி நேரம் பேசியதும் நான்தான். 'ஒனக்கு இன்னாக்கா கொறச்சல்? நான் ஒருத்தன் இங்க எதுக்கு கீறேன்? நம்ம வூட்டுப் பொம்பளைங்க கம்பெனி பஸ்ல ஏறணும்னு இன்னா தலையெழுத்து?' என்று பொழிந்து தள்ளினேன். அக்கா எல்லாவற்றுக்கும் 'ஆங், ஆங்' என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அக்கா பி.ஏ. முடித்ததும் பெரணமல்லூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நான் அப்போது மீசை முளைத்த கல்லூரி மாணவன், வீட்டுக்கு ஒரே பையன். 'நம்ம வூட்ல இன்னும் அந்த நெலம வரல' என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதைக் கேட்டார். அக்கா போகவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதையும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"தப்பான ஊகம்" என்றேன் மெர்சியிடம். "எங்க அக்கா எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா."

"ஆதாரம்?"

"நான் சொல்றேன்ல!"

"அது ஆதாரம் இல்லப்பா, அது சத்தம்."

கிரேஸ் கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். "அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று மெர்சி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பிறகு என் எதிரில் நிமிர்ந்து நின்றாள். "அத்தையையே கேளுங்க. நான் சொன்னது சரின்னா முதல் பெட்டி. தப்புன்னா ரெண்டாவது. குச்சியை நானே திருப்பிக் குடுத்துடறேன்."

குரல் கெட்டியாக இருந்தது. பந்தயம் என்று நினைத்துச் சரி என்றேன். அவளுக்கு அது பந்தயம் இல்லை. நான் அவளை நம்புகிறேனா இல்லையா என்பதுதான் அவளுடைய கேள்வி.

6

கேட்பது என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படிக் கேட்பது? மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். சாப்பாடு, வெயில், அப்பாவின் மாவுக்கட்டு, மைக் செட்டு என்று வரிசையாக வைத்து, 'சரி வெச்சிடறேன்' வரைக்கும் போய், கடைசியில் மெதுவாக இறக்கலாம் என்று திட்டம். கூடவே ஒரு சொற்பொழிவும் தயாராக இருந்தது, அது ஒருவேளை மெர்சி சொன்னது உண்மையாக இருந்தால்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து எட்டேகால் ஆகப் போகிறது. ஆரணியில் வெள்ளி விடியற்காலை. அந்த வாரம் அக்காவின் சாயங்கால வாரம், மெர்சியின் கணக்குப்படி. நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். மெர்சி படிவத்தையும் பேனாவையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிரேஸ் நாற்காலியின் பின்னால் நின்றாள்.

"இன்னா தம்பி, இந்நேரத்துல? சாப்ட்டியா?" அக்காவின் குரலுக்குப் பின்னால் பெண்கள் பேசும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"ஆச்சுக்கா. அங்க வெய்யிலு..."

"வெய்யிலா? மணி இன்னும் ஆறு ஆவல. ஜல்தி சொல்லு, பஸ்ஸு வர்ற நேரம். அஞ்சே முக்காலுக்கு கரெக்டா வந்துடும்."

தூரத்தில் பஸ் திரும்பும் சத்தம் எனக்கே கேட்டது. என் திட்டத்தில் இன்னும் அப்பாவின் மாவுக்கட்டுகூட வரவில்லை. மெர்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்தக் கம்பெனி?"

நாற்பது வருஷத்தில் அவளிடம் நான் விஷயத்தை முதலில் போட்டது அதுதான் முதல் முறை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் தள்ளிப் போனது. அக்கா கூட்டத்தை விட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

"ஷூ கம்பெனி" என்றாள். "செய்யார்ல. ஸ்டோர்ஸ்ல கீறேன். நூலு, சோலு, லேபிளு எல்லாம் பிரிச்சுக் குடுக்கற வேல. பொங்கல் முடிஞ்சி சேந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "யாரு சொன்னது? மாமாவா?"

"மாமா இல்லக்கா. மெர்சி."

"பாப்பாவுக்கு யாரு சொன்னது?"

"நீதான். ஆறு வாரமா சொல்லிகினு இருந்திருக்க. அவ கேட்டுகினு இருந்திருக்கா."

அக்கா சிரிக்கப் பார்த்தாள், முழுசாக வரவில்லை. என் சொற்பொழிவு தொண்டையில் தயாராக நின்றது. ஆனால் வெளியே வந்தது வேறு. "என்கிட்ட ஏங்கா சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்பே தம்பி. நீ வேணாம்னா நான் நின்னுடுவேன். ஒரு தடவ நின்னுட்டேன். இந்தத் தடவ நிக்க எனக்கு இஷ்டமில்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நூல் என்ன நிறம் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆளைத் தப்பாகப் படித்திருக்கிறேன். அதுவும் சொந்த அக்காவை, வாரம் இரண்டு முறை, ஸ்பீக்கரில் போட்டு.

"புடிச்சிருக்காக்கா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவளிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ரொம்ப" என்றாள்.

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. யாரோ, "எஸ்தர்க்கா, ஏறு ஏறு" என்று கூப்பிட்டார்கள். அக்கா ஏறவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"தம்பி" என்றாள். "ஏறட்டுமா?"

நாற்பத்தைந்து வயதுக்காரி, அவளுடைய ஊரில், அவளுடைய பஸ்ஸுக்கு எதிரில் நின்றுகொண்டு, உலகத்தின் இந்தக் கோடியில் இருக்கும் என்னைக் கேட்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏறுக்கா" என்றேன். "ஜன்னல் சீட்டா பாத்து உக்காரு."

போன் அணைந்தது. 'நான்தான் சரியாகச் சொன்னேன்' என்று மெர்சி ஆடுவாள் என நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். முதல் பெட்டியில் டிக் அடித்தேன். காரணம் எழுதும் இடத்தில், 'என் மகளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன்.

மெர்சி தாளின் மேல் கையை வைத்துத் தடுத்தாள். "ஆதாரம் எழுதணும்பா. எழுதாட்டி மிஸ் மார்க் குடுக்க மாட்டாங்க."

ஆசிரியைக்கு அது புரியப்போவதில்லை. புரியாவிட்டால் கூப்பிட்டுக் கேட்கட்டும், அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்கிறேன். இரண்டாவது கோட்டில் எழுதினேன்: 'ஆரணியில் என் அக்கா எஸ்தர் வேலைக்குப் போகிறாள்.'